இரண்டு கார்டு வைத்த மால்சுன் அக்கா

மால்சுன் அக்காவைப் பற்றி இப்போது ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் அவள் அவித்துக்கொண்டு வந்த முட்டையை உரித்துத் தின்றவர்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். நகராட்சி நீச்சல்குளத்தின் முன்மேஜையில் பதினான்கு வருடமாக லாக்கர் சாவி கொடுக்கிறவள் நான். யார் எப்படி என்று எனக்குத் தெரியாதா? நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கும் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

முழுப்பெயர் குவாக் மால்சுன். வயது எழுபத்தொன்று. ஐந்து பெண்களுக்குப் பிறகு ஆறாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இதோடு போதும் என்று வைத்த பெயர். பதினைந்து வயதில் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் கத்தியைப் பிடித்தவள், முப்பத்தெட்டு வருடம் நின்றபடியே சிப்பி உடைத்தாள். இடது கட்டைவிரல் கோணிப்போய் அப்படியே நின்றுவிட்டது. புருஷனைக் கடல் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் சீட்டாடிக்கொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பில் போனான். கையில் நல்ல சீட்டு இருந்ததாம், அதைத்தான் அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒரே மகன் கனடாவில். வருடத்துக்கு இரண்டு முறை போன் வரும். நல்லா இருக்கியா என்பான், நல்லா இருக்கேன் என்பாள், அவ்வளவுதான்.

தோள்வலிக்குத் தண்ணீரில் உடற்பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். வந்தவள் ஒன்பது மணி வகுப்பையே தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பதினோரு வருடமாக அவள்தான் தலைவி. மார்பளவு தண்ணீரில் நாற்பது பெண்கள் பாட்டுக்குக் கையும் காலும் ஆட்டுகிற வகுப்பு அது. யாருக்கும் நிலையான இடம் கிடையாது என்று சுவரில் நகராட்சி எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் நாற்பது பேருக்கும் நாற்பது இடம், அதை மால்சுன் அக்கா மனப்பாடமாக வைத்திருந்தாள். புதிதாக வந்தவள் தெரியாமல் நின்றுவிட்டால் தொலைந்தாள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய், "அம்மா, அது ஓக்சிம் அக்கா நிக்கிற இடம், கொஞ்சம் அப்படித் தள்ளிக்கோங்க, பின்னாடி ஆழம் நல்லாவே இருக்கு" என்பாள். அவள் மேல் மூன்று புகார் வந்தது. மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். மறுநாள் அவருக்கும் நாலு முட்டை அவித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நகராட்சி என்ன நடத்தினாலும் முன்வரிசையில் அவள் இருப்பாள். வசந்தத்தில் பூப் பார்க்கப் பேருந்து போனால் அதில், புதன்கிழமை வட்ட அலுவலகத்து மாடியில் பாட்டு வகுப்பு என்றால் அதில். இலையுதிர்காலத்து விளையாட்டு விழாவுக்கு நாற்பது பேருக்கும் மஞ்சள் பனியன் தைக்கக் கொடுத்து, மைதானத்தில் ஆடவும் வைத்துவிட்டாள். வெட்கப்பட்டுக் கழிப்பறையில் ஒளிந்துகொண்ட ஓக்சிம் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததும் அவள்தான்.

ஓக்சிம் அக்காவுக்கு எழுபத்தாறு. வாயிருந்தும் இல்லாதவள். மால்சுன் அக்கா பத்து வார்த்தை பேசினால் இவள் ஒரு தலையாட்டல். இருவரும் தனியாக வசிப்பவர்கள். எதிரெதிர் அடுக்குமாடிக் கட்டிடங்களில் ஒரே மாதிரியான சின்ன வீடுகள். ஓக்சிம் அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, தரையில் நடந்தால் உயிர் போகும், தண்ணீருக்குள் மட்டும் வலி தெரியாது. குளத்தின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி ஓடுகிற சுவரையொட்டி மூன்றாவது இடம் அவளுடையது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குக் குதிப்பாள். வேறு எங்கும் அவள் போவதில்லை, பாட்டு வகுப்புக்குக்கூட. அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் அவளுக்கு அன்றைய நாளே இல்லை. மால்சுன் அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வராமல் இருப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்று புகார். மாதத்தில் பன்னிரண்டு நாள் வந்திருந்தால்தான் அடுத்த மாதம் அதே வகுப்பு. குறைந்தால் பெயர் போய்விடும், பிறகு குலுக்கலில் நிற்க வேண்டும். ஒன்பது மணி வகுப்புக்குக் குலுக்கலில் நிற்பவர்கள் இருநூறு பேருக்கு மேல். போனால் போனதுதான்.

போன நவம்பரில் ஓக்சிம் அக்கா முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதில் பல நாள் வரவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் எட்டு நாள்தான் வந்திருக்கிறாள். மிச்சம் ஐந்து நாள். அதில் வெள்ளிக்கிழமை, குளத்து வாசலில் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் விழா என்பதால் விடுமுறை. ஆக மிச்சம் நாலு நாள், வேண்டியதும் நாலு நாள். அந்த வாரம் பார்த்து ஹேனாமில் இருக்கும் தங்கை நூறு முட்டைக்கோஸை உப்பில் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிடுகிறாள். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும்போது கூடப்பிறந்தவள் கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியுமா? போனால் குளத்தில் இடம் போகும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து ஈரத் தலையோடு இருவரும் என் மேஜைக்கு முன்னால் நின்றுதான் இதைப் பேசினார்கள்.

"கார்டை என்கிட்ட குடுத்துட்டுப் போக்கா. என்னோடதை வைக்கும்போது உன்னோடதையும் மெஷின்ல வச்சுடறேன். நாலே நாள்" என்றாள் மால்சுன் அக்கா.

"தப்பில்லையாடி?"

"யார் குடி கெடப் போகுது இதனால?"

ஓக்சிம் அக்கா என்னைப் பார்த்தாள். கார்டை அவரவர்தான் வைக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுச் சாவிகளை அடுக்கத் தொடங்கினேன். இருவரும் சிரித்தார்கள். ஓக்சிம் அக்கா சத்தம் வரச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கார்டைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலைப் பேருந்துக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் வருவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்கு மால்சுன் அக்கா வந்தாள். மெஷின் ஒரு முறை கூவியது, உடனே இன்னொரு முறை. என் திரையில் இரண்டு பெயர் வந்தது. ஓக்சிம் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன வீட்டுப் படம்.

அந்தப் படம் என்னவென்று எனக்குத் தெரியும். தனியாக வசிக்கும் முதியவர்களுக்காக வட்ட அலுவலகம் கோடையில் தொடங்கிய ஏற்பாடு அது. அவர்கள் இங்கே வந்து கார்டை வைத்ததும், உங்கள் அம்மா உடற்பயிற்சிக்கு வந்துவிட்டார் என்று பிள்ளைக்குச் செய்தி போகும். ஓக்சிம் அக்காவின் மகள் மிரான் சியோலில் வேலை பார்க்கிறாள். அவளே பதிவு செய்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம், என்னை வேவு பாக்கறியான்னு கோவிச்சுக்குவாங்க" என்று கேட்டுக்கொண்டாள். அதனால் ஓக்சிம் அக்காவுக்குத் தெரியாது, மால்சுன் அக்காவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

தெரிந்தும் என்ன செய்தேன்? தங்கை வீட்டுக்குப் போவதை மகளிடம் சொல்லாமலா இருப்பாள், செய்தியைப் பார்த்து அவள் கொஞ்சம் குழம்புவாள், குழம்பினால் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த ஆளுக்குச் சாவி கொடுத்தேன். செவ்வாயும் இரண்டு கூவல், புதனும் இரண்டு, வியாழனும் இரண்டு. நாலு நாளும் அந்த மஞ்சள் வீடு என் கண்ணில் பட்டது.

வெள்ளிக்கிழமை கிம்ச்சி விழா. வருடா வருடம் நடப்பதுதான். குளத்து வாசலில் நீளநீளமாக மேஜை போட்டு, இரண்டாயிரம் முட்டைக்கோஸ் குவித்து, சிவப்பு ரப்பர் கையுறையும் ஏப்ரனுமாக ஊர்ப் பெண்கள் மசாலா தடவுவார்கள். ஒரு பக்கம் பன்றிக்கறி வேகும். பெரிய மனிதர்கள் வந்து ஒரு இலைக்கு மசாலா தடவிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மாலையில் தனியாக வசிக்கும் முதியவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பெட்டி போகும். மால்சுன் அக்கா பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. நானே போட்டு நானே வாங்கிக்கொள்கிறேன், என்னை மாதிரிக் கொடுத்துவைத்தவள் யார் என்று அன்றைக்கு அவள் மசாலாக் கையோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வட்ட அலுவலகத்து ஊழியர் ஒருவர் போனார், வீடு காட்ட மால்சுன் அக்கா போனாள். அந்த ஊழியர் பிற்பாடு என்னிடம் சொன்னது இது. ஓக்சிம் அக்கா வீட்டு வாசலில் மணி அடித்தார்கள், பதில் இல்லை. ஆள் ஹேனாமில், பெட்டியை நான் எடுத்துப்போய் என் ஃபிரிட்ஜில் வைக்கிறேன் என்றாள் மால்சுன் அக்கா. ஊழியர் கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள டிவி ஓடுதும்மா" என்றார்.

வயசானால் அப்படித்தான், அணைக்க மறந்துவிட்டுப் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே தனக்குத் தெரிந்திருந்த கதவுப் பூட்டின் எண்களை அழுத்தினாள் மால்சுன் அக்கா. அணைத்துவிட்டு வரத்தான் போனாள்.

ஓக்சிம் அக்கா குளியலறை வாசலில் கிடந்தாள். வெளியூர் போகும் கோட்டைப் போட்டிருந்தாள். வீட்டு வாசற்படிக்கு அருகே துணிப்பை, அதன் மேல் தங்கை பேரனுக்கு வாங்கிய காலுறை. திங்கட்கிழமை காலை கிளம்புகிற நேரத்தில் விழுந்திருக்கிறாள், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். உயிர் போனது புதன்கிழமை இரவாக இருக்கலாம் என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார், மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன?

இழவு வீட்டில் மூன்று நாளும் மால்சுன் அக்காதான் வந்தவர்களுக்குச் சூப் ஊற்றினாள். அவள் அழவில்லை. நான் செய்தியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த புதன்கிழமை மிரான் குளத்துக்கு வந்தாள். அம்மாவின் சிநேகிதிகளுக்குக் கொடுக்க ஒரு பெட்டி அரிசிப் பணியாரம் கையில். என் மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு செய்தி. எல்லாம் எட்டு ஐம்பதுக்கு.

"டாக்டர் சொல்றதும் இதுவும் ஒத்துவரலையே மேடம். திங்கக்கிழமை விழுந்தவங்க எப்படி இங்க வந்திருக்க முடியும்? மெஷின்ல ஏதாவது கோளாறா?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சில சமயம் மெஷின் அப்படிச் செய்யும், பழைய கணக்கைத் திரும்ப அனுப்பிவிடும், மேலே எழுதிப் போடுகிறோம் என்றேன். ஒரு தடுமாற்றம் இல்லாமல் வந்தது பொய். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மால்சுன் அக்கா ஈரத் தலையோடு என் பின்னாலேயே நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. மிரான் கையிலிருந்த போனை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தாள். இது என்ன செய்தி என்று கேட்டாள். மிரான் சொன்னாள். மால்சுன் அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. உங்கம்மா கார்டை வச்சது நான்தான், கண்ணு. நாலு நாளும் நான்தான்" என்றாள்.

அங்கேயே முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிரான் ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை ஹேனாம் சித்தி எனக்கு போன் பண்ணினாங்க. அக்கா இன்னும் வரலையே, போனையும் எடுக்கலையேன்னு. நான்தான் சொன்னேன், அம்மா நீச்சல்குளத்துல இருக்காங்க சித்தி, இப்பதான் மெசேஜ் வந்துச்சு, முழங்கால் வலின்னு வராம இருந்துட்டாங்க போலன்னு. செவ்வாய்க்கிழமை அம்மா உயிரோட இருந்தாங்க இல்ல?"

குளத்தில் அடுத்த வகுப்புக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். மிரான் போனை வாங்கிப் பையில் வைத்தாள். பணியாரப் பெட்டியைக் காட்டி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மால்சுன் அக்காவை எழுந்திருக்கவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அந்தப் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை.

நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்பு என்று அன்றைக்கே பேச்சுக் கிளம்பிவிட்டது. நல்லதாவது மண்ணாவது, அவளுக்கு எப்போதும் எல்லாவற்றையும் தானே ஆட்டிவைக்க வேண்டும், அதான் இப்படி என்றார்கள் சிலர். மஞ்சள் பனியன் போட்டு ஆடினவர்கள்தான் அதையும் சொன்னார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. நானும் கேட்கும்படி வைத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மால்சுன் அக்கா வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். போன் போட்டேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை எனக்கு அரை நாள். பூசணிக் கஞ்சி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு போனேன்: செய்தி போகும் என்று எனக்குத் தெரியும் என்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும். வேறு யாரிடம் சொல்லாவிட்டாலும் அவளிடம் சொல்ல வேண்டும்.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மால்சுன் அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் தரையில் கிடந்தாள்.

கஞ்சிப் பாத்திரம் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஓடிப் போய்க் குனிந்தேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்து இமைத்தது.

"கத்தாதடி கும்ஹி. எனக்கு ஒண்ணும் ஆகல. சும்மா படுத்திருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். கிறுக்குப் பிடித்துவிட்டதா, இதென்ன கூத்து, எழுந்திரு என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் உடம்பைத் தளர்த்தி விட்டுக் கிடந்தாள், என்னால் தூக்க முடியவில்லை. வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான் என்றாள். ஓக்சிம் அக்கா எப்படிக் கிடந்திருப்பாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாமல் இருக்க முடியவில்லை என்றாள்.

"ஆனா என்னால முடியலடி. நேத்து ராத்திரி எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டேன். அவ குடிச்சிருக்க மாட்டா."

நான் தரையில் உட்கார்ந்தேன். கஞ்சி சிந்தி என் பாவாடையெல்லாம் ஆகியிருந்தது. அவளுடைய கோணல் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, இதற்குமேல் விட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியதால் சொல்லிவிட்டேன்.

"அக்கா, கார்டை வச்சா மகளுக்கு மெசேஜ் போகும்னு எனக்குத் தெரியும். நாலு நாளும் பாத்துட்டுத்தான் இருந்தேன். தெரிஞ்சேதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

அவள் கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன், துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நான் சொன்னதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி, ஒரு விரலைத் தூக்கிப் பேசாதே என்று காட்டினாள்.

"இரு. லிஃப்ட் வருது. கீழ படுத்திருந்தா அது நல்லா கேட்குதுடி, டிவி ஓடினாலும் கேட்குது. ஒவ்வொரு தடவையும் நம்மளைத் தேடித்தான் ஆள் வருதுன்னு தோணும்."

லிஃப்ட் அந்த மாடியில் நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ செருப்புச் சத்தத்தோடு எங்கள் வாசலைக் கடந்து நடந்து போய், அடுத்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள்.